டட்லி கடைத் தொப்பி

ஓஸெல்லாவின் தலையில் தொப்பி இறங்க மறுத்தது. வெர்னா இரண்டு கையாலும் அமுக்கினாள்.

“மெதுவாடி, கழுத்து உள்ள போயிடும்போல இருக்கு” என்றாள் ஓஸெல்லா.

மறுநாள் ஓஸெல்லாவின் மகளுக்குக் கல்யாணம். கறுப்பர் கோவிலோ வெள்ளையர் கோவிலோ, அந்தக் காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பெண்பிள்ளை தொப்பியில்லாமல் உள்ளே உட்காரக் கூடாது. அதுவும் மணப்பெண்ணின் தாய் அப்படி உட்கார்ந்தால் ஆயுசுக்கும் பேச்சுதான். ஊரில் இருந்ததோ டட்லியின் தொப்பிக்கடை ஒன்றே. அங்கே கறுப்பர்கள் வாங்கலாம், தலையில் வைத்துப் பார்க்கக் கூடாது. வைத்தால் தீட்டாம், அப்புறம் எந்த வெள்ளைக்காரியும் தொடமாட்டாளாம். அந்தச் சீமாட்டிகளுக்குத் தினமும் ரொட்டி சுட்டுப் போடுகிற கறுப்புக் கைகளில் மட்டும் தீட்டு கிடையாது. என்ன நியாயமோ!

அதனால்தான் பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தோழி வெர்னா, வெள்ளைக்காரி, தன் தலையில் வைத்துப் பார்த்து வாங்கி வந்தாள். நூலை இறுக்கி அளந்தபோது இரண்டு தலையும் ஒரே அளவு. வெர்னாவுக்கு எலிவால் முடி, ஓஸெல்லாவுக்கு அடர்ந்த சுருள் முடி என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

மாற்றி வருவதாக வெர்னா சொன்னாள். மறுபடியும் இதே கூத்துதான் நடக்கும், வேலைக்காரி மாதிரி நானும் வருகிறேன் என்றாள் ஓஸெல்லா. வெர்னா முதலில் தயங்கினாள். வேலியோரம் பல வருஷச் சிநேகிதம்தான். ஆனால் வீதியில் ஓஸெல்லாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அதை நினைத்து வெட்கப்பட்டுத்தான் சம்மதித்தாள்.

கடையில் இன்னும் பெரியது வேண்டுமென்றால் ஓஸெல்லா இரும வேண்டும் என்று ஏற்பாடு. இருமினாள், இருமினாள், கடைசியில் தொப்பி வெர்னாவின் மூக்கு வரை இறங்கிவிட்டது.

“உங்களுக்குப் பெரிசும்மா” என்றார் டட்லி.

“எனக்கு இப்படித்தான் பிடிக்கும்” என்ற வெர்னா, நேரே போய்க் கண்ணாடியில் இடித்துக்கொண்டாள்.

டட்லி பொறுமையிழந்தார். “உங்க வேலைக்காரிக்குச் சளி போல. வெளிய போய் நிக்கச் சொல்லுங்க.”

தொப்பிக்குள் இருட்டு. டட்லியின் முகம் தெரியாததால்தான் தைரியம் வந்ததோ என்னவோ, வெர்னா அதைக் கழற்றி ஓஸெல்லாவின் தலையில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“இவ என் வேலைக்காரி இல்ல, சிநேகிதி” என்றாள்.

டட்லிக்கு முகம் சிவந்தது. அதை இனி யார் வாங்குவார்கள் என்று கேட்டார். நாங்கள்தான் என்றாள் வெர்னா. தோழியின் துணிச்சல் ஓஸெல்லாவுக்கும் தொற்றிக்கொண்டது.

“இருங்கய்யா, அந்த நீலத்தையும் பாத்துடறேன்.”

நீலத்தை வைத்துப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள், அலமாரியில் ஒன்றையும் விடவில்லை. டட்லியோ வீதியில் யாரும் பார்த்துவிடாதபடி ஓடி ஓடித் திரைகளை இழுத்தார். வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று கடைசியில் கெஞ்சினார். அவரும் சொல்லவில்லை, வீட்டில்கூட.

கல்யாணத்தில் வெர்னா முதல் வரிசையில், ஓஸெல்லாவின் பக்கத்தில், முதலில் வாங்கிய அந்தச் சின்னத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளையர் கோவிலில் டட்லியின் மனைவி நீலத்தொப்பியோடு வந்து வெர்னாவின் அருகே அமர்ந்தாள்.

“நேத்துதான் அவர் கொண்டுவந்தார். ஒரு தலையும் படாத புதுசு.”

“அழகா இருக்குங்க” என்றாள் வெர்னா. “வெள்ளிக்கிழமை ஓஸெல்லாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

அந்த அம்மாளின் கை விருட்டென்று தொப்பிக்குப் போனது. ஆனால் கோவிலுக்குள் எப்படிக் கழற்றுவது? போதகர் பிறரை நேசிப்பது பற்றிப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்று அவர் சீக்கிரம் முடிப்பதாக இல்லை.