முட்டைக்காரி வீடு சாய்ந்த கதை

கிட்ட வாங்க கண்ணுகளா, இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. முட்டைக்காரியின் இடது மார்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று, அவள் வாசற்படியைத் தாண்டியதும் வீடு வலப்பக்கமாகச் சாய்ந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. விற்க வைத்திருந்த முட்டைகள் மட்டும் உருண்டு வலது மூலைக்குப் போய்ச் சேர்ந்தன.

புருஷன் கொத்தனார். தான் கட்டிய வீடு கோணலா என்று ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. குடத்துத் தண்ணீரோ சாய்ந்தே நின்றது. அன்று முதல் வேலை விட்டு வந்தால் தரையே கதி. சிமெண்டு பூசுவார், கட்டில் காலுக்குக் கட்டை கொடுப்பார். மறுநாள் பழையபடி சாயும். "நீ எழுந்தே வர வேண்டாம்க்கா, கதவைத் திறந்து வச்சா முட்டை தானா வந்துரும்" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். இவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய், கண்ணாடி மேல் போட்ட துண்டு நழுவியிருக்கிறதா என்று பார்ப்பாள். தரையை இவ்வளவு தடவுகிற மனுஷன் தன்னை ஒரு தடவை தொட்டால் என்ன என்று அவளுக்கு. கதவைத் தாழிட்டுத்தான் உடை மாற்றினாள்.

கட்டிலில் அவள் இடது பக்கம் அவர். சரிவு அவளை நோக்கி. உருண்டுவிடாமல் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடியே அவர் தூங்குவார். அருவருப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, முட்டை விலை ஏறியது, கொத்துக்கரண்டி பிடித்த அவர் கை நடுங்க ஆரம்பித்தது.

ஒரு மதியம் தூக்கத்தில் அவர் பிடி விட்டுப் போயிற்று. உருண்டு வந்த முகம் அவளுடைய வெறும் பக்கத்தில் பதிந்தது. பதறி எழப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"அது ஆறி எத்தனை வருஷம் ஆச்சுங்க. அதுக்கா இப்படிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க?"

"செங்கல் தூக்கின கைம்மா. கனம்."

"நான் வேற நினைச்சுட்டேங்க" என்றாள். எழப் பார்த்த தலையை அப்படியே அழுத்திக்கொண்டாள். இரண்டு பேர் கண்ணீரும் வலது மூலைக்கே ஓடியது.

அடுத்த மழைக்கு அவர் இல்லை. தரையைச் சரி செய்ய மகள் ஆள் கூட்டி வந்தாள். "கிடக்கட்டும்டி, பழகிடுச்சு" என்று இவள் அனுப்பிவிட்டாள். இப்போதும் விடிந்தால் அவருடைய தலையணை அவள் பக்கம் வந்து கிடக்கும். அவள் அதை நகர்த்துவதில்லை.

போய் வாங்க கண்ணுகளா. உங்கள் வீடு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கட்டும். பிடித்த சட்டத்தைக் காலத்தோடு விடுகிற கையும் உங்களுக்கு வாய்க்கட்டும்.