நடுவில் வந்த பதினாறு பக்கங்கள்

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வாரம் மூன்று புத்தகம் படித்து, இணையத்தில் அபிப்பிராயம் எழுதி, அதை மனைவிக்கு உரக்க வாசித்தும் காட்டுவார். வீட்டு மோட்டார் பழுதாகி ஒரு மாதம். தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தபடியே அவள் 'உம்' கொட்டியாக வேண்டும்.

இந்த வாரம் ஒரு காதல் நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "நடுவுல பதினாறு பக்கம் காதலே இல்ல. தண்ணி மோட்டாரைக் கழட்டி மாட்டுறதைப் பத்தியே எழுதியிருக்கான். அந்த மோட்டார்தான் கதாநாயகியோட மனசு. உனக்கெங்க புரியப்போகுது?"

அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

மறுநாள் அச்சகத்துப் பைண்டர் அதே நாவலின் வேறொரு பிரதியோடு வாசலில் நின்றார். "மன்னிச்சுக்கோங்க சார். மோட்டார் கம்பெனி கையேட்டுப் பக்கங்களை உங்க நாவல்ல வச்சுத் தச்சுட்டோம். நீங்க பாராட்டி எழுதினதைப் படிச்சப்புறம்தான் தப்பே தெரிஞ்சுது. இதை வச்சுக்கிட்டு அதைக் குடுங்க."

மேலாளர் பழைய பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதுவே இருக்கட்டும்" என்றார்.

மனைவி வாளியைக் கீழே வைத்தாள். "கையேட்டோட மிச்சப் பக்கமும் இருந்தா குடுங்கண்ணே. இவர் படிச்சு முடிச்சா வீட்டுக்குத் தண்ணியாவது வரும்."