மானுக்குத் தெரியாத வெளிச்சம்

"எந்த லைட்டைத் தூக்கிட்டுப் போலாம்? உன் மான், நீயே சொல்லு" என்று ரெய்னோ கேட்டான்.

என் அண்ணன் அதுவரை எதையும் தங்கையான என்னிடம் கேட்டு முடிவு செய்ததில்லை. கொட்டகை மேஜைமேல் மூன்றை வைத்திருந்தான். பம்பு அடித்து ஏற்றும் பழைய காஸ் விளக்கு ஒன்று. தலையில் மாட்டும் வெள்ளை லைட் ஒன்று. இருட்டில் வேட்டைப் பரணுக்கு நடந்து போகும்போது நாங்கள் பிடிக்கும் சிவப்பு லைட் ஒன்று.

சாயங்காலம் என் அம்பு பட்ட சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது. எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண் மான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டது. வாலை இடுக்கிக்கொண்டு மேப்பிள் மரங்களுக்குள் ஓடி, சதுப்புப் பக்கம் மறைந்தது. அப்பா மரம் அறுக்கும் ஆலையில் இரவு வேலைக்குப் போயிருந்தார். ராத்திரியில் அதைத் தேடிப் போக ரெய்னோவைத் தவிர எனக்குத் துணைக்கு யாரும் இல்லை.

அந்த மான் கிடைத்தால் கேம்ப்பில் எனக்கு ஒரு கட்டில் கிடைக்கும். கேம்ப் என்றால் ஆற்றோரத்தில் எங்கள் ஆட்கள் நவம்பர் முழுக்கத் தங்கி வேட்டையாடும் மரக் குடிசை. உர்ஹோ சித்தப்பா முழங்கால் போய், இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவர் கட்டில் காலியாகியிருந்தது. அப்பா சாப்பாட்டு மேஜையில் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "வில்வேட்டை சீசன் முடியறதுக்குள்ள யாரு முதல்ல கொம்பு கொண்டு வர்றீங்களோ, அவங்க பேரைக் கட்டில்ல எழுதிடுவேன்." வசந்தத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு என்னை யாரும் எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குப் பேச்சே வராது. கேம்ப்பில் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்களாம். அதனால்தான் அது எனக்கு வேண்டும்.

"காஸ் விளக்கு" என்றேன். எல்லோரும் எடுப்பது அதைத்தான். அந்த வெளிச்சத்தில் இலைமேல் இருக்கும் ரத்தம் ஈரமாகப் பளபளக்கும்.

"எடு, எடு. ரயில் இன்ஜின் மாதிரி புஸ்ஸுபுஸ்ஸுன்னு கத்தும். படுத்திருக்கிற மான் எழுந்து கனடாவுக்கே ஓடிடும். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத."

"அப்போ தலை லைட்?"

"அது கண்ணுல பட்டா மட்டும் படுத்துக்கிட்டே இருக்குமா? மானுக்கு எந்த வெளிச்சம் தெரியாது? சொல்லு ஐலி. வாயில பாஸ்டி ரொட்டியை அடைச்சு வச்சிருக்கியா?"

"சிவப்பு."

"பாத்தியா! பள்ளிக்கூடம் போகாமலே மூளை வேலை செய்யுது. நீ சொன்னா சரி, அதையே எடுத்துக்கலாம்."

அம்பு பட்ட இடத்தில் டாய்லெட் பேப்பரைக் கிழித்துப் புதரில் கட்டினேன். ரத்தம் தெரிகிற ஒவ்வொரு இடத்திலும் இப்படிக் கட்டிக்கொண்டே போவோம். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை தெரியும். ஆனால் அதற்கப்புறம் கட்டுவதற்கு எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் உதிர்ந்த இலையும் சேறும் பெரணியும் ஒரே நிறமாக இருந்தன. முழங்காலிட்டு, இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ரெய்னோ கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பின்னால் நின்றான்.

"மேலாகப் பட்டிருக்கும். பொழச்சுக்கும், விடு."

"இன்னும் கொஞ்சம் பாக்கறேன்."

"எத்தனை நேரம் தவழுவ? காலையில வந்து பாரு, ஓநாய் ஏதாச்சும் மிச்சம் வச்சிருந்தா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என் தோளில் கை போட்டு, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான். சர்க்கரை கூட எனக்குப் பிடித்த அளவு போட்டிருந்தான். எனக்கு நல்ல அண்ணன் வாய்த்திருக்கிறான் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

வெளுக்கத் தொடங்கியதும் தனியாகத் திரும்பிப் போனேன். புல்லெல்லாம் உறைபனி. நான் கட்டிய பேப்பருக்குப் பக்கத்திலேயே ரத்தம். வாளியிலிருந்து வீசியது போல இலைகளிலும் பெரணித் தண்டுகளிலும் தெறித்துக் கிடந்தது. நான் முழங்காலிட்ட பள்ளங்களில்கூட அது உறைந்திருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அதன்மேலேயே தவழ்ந்திருக்கிறேன்.

நாங்கள் திரும்பிய இடத்துக்கு அப்பால் ஒரு பேப்பர் துண்டு தொங்கியது. அது நான் கட்டியதில்லை. அதற்கப்பால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. சதுப்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புதருக்குப் புதர் கட்டியிருந்தது. திருட வந்தவனுக்கும் சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம் விடவில்லை. கடைசிப் பேப்பருக்குக் கீழே குடல் குவியல். அதன்மேல் பனி உறைந்திருந்தது. பக்கத்துப் பாசியில் காஸ் விளக்கின் அடித்தட்டு அழுந்திய வட்டம். அங்கிருந்து வண்டிப் பாதை வரைக்கும் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம்.

நான் வீட்டுக்கு வந்தபோது முற்றத்து மரத்தில் மான் தொங்கிக்கொண்டிருந்தது. கொம்பில் ரெய்னோவின் வேட்டை லைசென்ஸ் அட்டை. அப்பா அப்போதுதான் ஆலையிலிருந்து வந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இப்பத்தான்ப்பா, விடியும்போது. ரோட்டோரமா நின்னுச்சு. ஒரே அம்பு" என்றான் ரெய்னோ.

அப்பா டப்பாவை வைத்துவிட்டு, மானின் முன்னங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. பலகை போல விறைத்திருந்தது. அப்போதுதான் செத்த மானின் கால் அப்படி இருக்காது. வாழ்நாளெல்லாம் மான் உரித்தவருக்கு அது தெரியாதா?

"சதுப்புல கிடக்கிற குடல்மேல பனி உறைஞ்சிருக்குப்பா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இது ராத்திரியே செத்தது. என் அம்புலதான் செத்தது."

ரெய்னோ சிரித்தான். "உன் மானா? அவ்வளவு நேரம் தேடினோமே, ஒரு சொட்டு காட்டினியா? சிவப்பு லைட்டைக் கேட்டது யாரு, நானா? அப்பா, அவளையே கேளுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "சிவப்பு லைட்டை யாரு கேட்டது?"

"நான்தான்."

அது உண்மை. வேறு எதைச் சொல்வது? பிறகு ரெய்னோவைப் பார்த்துக் கேட்டேன்: "சதுப்பு வரைக்கும் பேப்பர் கட்டினது யாரு?"

அவன் முகம் செத்தது. அப்பாவைப் பார்த்தான். நானும் அப்பாவைப் பார்த்தேன். விறைத்த கால் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மான் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலில் யார் படுப்பது என்பதிலும் முதல் நாளிலிருந்தே அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

அப்பா மானின் காலை விட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அன்று கேம்ப்புக்கு விறகு வெட்டப் போகும் நாள். ரம்பத்தை எடுத்து வண்டியின் பின்னால் வைத்தார். சுருட்டி வைத்திருந்த ரெய்னோவின் படுக்கையை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். ரெய்னோ ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

"அப்பா" என்று கூப்பிட்டேன்.

அவர் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக்கூட இறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.