விரிசல் மேல் கண்ணாடி

"ஏங்க, கண்ணாடி உடைஞ்சிருக்கு."

"எந்தக் கண்ணாடி?"

"உங்க மூக்குக் கண்ணாடிக்கா இப்படிப் பதறுவேன்? செவுத்துல ஒட்டினது."

கட்டிலில் படுத்திருந்தவர் தலையை மட்டும் திருப்பினார். தலைமாட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். பக்கத்துத் தனியார் மருத்துவமனை, புதுக் கட்டடத்துக்காகப் பூமிக்குள் தூண் அடித்து இறக்க ஆரம்பித்த பிறகு வந்தது. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தாள் தூசி மேடம். மருத்துவமனை சார்பில் அக்கம்பக்கத்துக் குறைகளைக் கேட்க வருபவள். தூசி அளக்கும் பெட்டியும் கையுமாக அலைவதால் தெரு வைத்த பெயர் அது. "சுவர் அசைஞ்சா முதல்ல இதுதான் உடையும். உடனே போன் பண்ணுங்க, வேலையை நிறுத்திடுவோம்" என்று சொல்லியிருந்தாள்.

வெளியே இயந்திரம் ஓங்கி அடித்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"போனை எங்க வச்சீங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? சுவரு தலையில விழுந்தப்புறம் கூப்பிடவா?"

"பேசாம உக்காரு. வேலை நின்னா மறுபடி எப்ப ஆரம்பிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. புதுக் கட்டடத்தில்தான் டயாலிசிஸ் பிரிவு வரப்போகிறது. தெருக்காரர்களுக்கே முதல் இடம் என்று கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். இப்போது அதற்காக அவர் பஸ் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போய் வருகிறார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்து நிற்கவும் தெம்பில்லாமல் யார் தோளிலாவது சரிந்துவிடுகிறார்.

"போன வாரம் நான் மயங்கி விழுந்தப்ப ஊரே திரும்பிப் பாக்க அழுதது யாரு?"

"நான்தான் அழுதேன். அதுக்கு?"

"இது முடிஞ்சா ரோட்டைத் தாண்டினா போதும்."

"தாண்டறதுக்கு ஆள் இருக்கணுமே!"

"அக்கா, இருக்கீங்களா?" வாசலில் தூசி மேடத்தின் குரல்.

அவள் உள்ளே வருவதற்குள் அவர் எப்படியோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, விரிசலை முதுகால் மறைத்துச் சாய்ந்துகொண்டார். அந்தச் சுவரிலேயே!

"சார், கொஞ்சம் நகருங்க, பட்டையைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"பாக்க என்னம்மா இருக்கு? என் முழங்கை பட்டு உடைஞ்சு போச்சு. வேற ஒண்ணு ஒட்டிட்டுப் போ."

"முழங்கையா? அப்பாடா!" தூசி மேடம் மூச்சு விட்டாள். "சுவர்தான் அசைஞ்சிருச்சோன்னு பயந்துட்டேன். இன்னிக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க." பையிலிருந்து புதுப் பட்டையை எடுத்தவள், ஏதோ தோன்றினாற்போல் நின்றாள். "நீங்க பாத்தீங்களா அக்கா?"

அவர் மனைவியையே பார்த்தார். சொல்லாதே என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். இயந்திரம் மறுபடி அடித்தது. அவர் தோளில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"முழங்கை படலைம்மா. அவரு படுத்தேதான் இருந்தாரு. அது தானா உடைஞ்சது."

தூசி மேடத்தின் முகம் வெளிறியது. பட்டையைப் பையில் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"நிறுத்துங்க. காரணமெல்லாம் அப்புறம், முதல்ல மெஷினை நிறுத்துங்க." பிறகு இவர்களிடம் திரும்பினாள். "ரெண்டு பேரும் வெளிய வாங்க. எஞ்சினீயர் சரின்னு சொல்ற வரைக்கும் இங்க இருக்கக் கூடாது. நாங்களே வேற வீடு பார்த்துத் தர்றோம்."

"அந்தக் கட்டடம்?"

"தெரியலை அக்கா. தள்ளித்தான் போகும்."

மனைவி கை நீட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார்.

"ஏம்மா, நீ பாக்கற வீடு மாடியா, கீழயா?" தூசி மேடத்தைத்தான் கேட்டார்.

"மாடின்னா நான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மனைவி.

"உன்னை யாரும் கேக்கலை."

"கேக்காதீங்க" என்றபடி மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.