டோர்கிலின் பிறந்தநாள் பாட்டு

1
இந்தக் கதையை முதலில் ஒரு குகையில்தான் தொடங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். ‘பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், அழுகிற குழந்தையைப் பார்த்து ஒரு தாய் முனகியபோது’

(நிறுத்திவிட்டேன். பேச்சே பிறக்காத காலத்தில் யாரை வைத்து உரையாடல் எழுதுவது? குகையைக் காலி செய்துவிட்டு, நான் குடியிருக்கும் ஓர்ஹூஸ் நகரத்துக்கே வந்துவிட்டேன்.)

2
டோர்கில் மொழியியல் பேராசிரியர். மனைவி ராக்ன்ஹில்ட் பறவைகளின் பாட்டை ஆராய்பவள். மனிதன் முதலில் பாடினான், அப்புறம்தான் பேசினான் என்பது அவள் கட்சி. பேச்சுதான் ரொட்டி, பாட்டு அதன்மேல் தடவிய வெண்ணெய் என்பது அவர் கட்சி. நாற்பது வருடக் குடித்தனம் இந்தச் சண்டையிலேயே சுகமாக ஓடியது.

நான்கு மாதங்களுக்கு முன் டோர்கிலுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது.

“பேச முடியாதவங்க சில பேர் பாடுவாங்க. பாட வச்சுப் பாருங்க,” என்றார் மருத்துவர்.

டோர்கில் உதட்டை இறுக்கிக்கொண்டார். பாடினால் மனைவி ஜெயித்துவிடுவாளே.

(இவ்வளவு வீம்பு பிடித்த மனிதன் உண்டா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவரைக் கதையிலிருந்தே அடித்துவிடப் போனேன். பிறகு என் உறவுக்காரர்களை நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.)

3
இங்கே பெரிய பிறந்தநாள் என்றால், தெரிந்த மெட்டில் புதுப் பாட்டு கட்டி, அச்சடித்து, விருந்தினர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். டோர்கிலின் எழுபதுக்கு ராக்ன்ஹில்ட் எழுதினாள்.

அவருடைய தங்கை யூட்டே தாளைப் படித்துவிட்டு முறைத்தாள். “வாயில்லாத மனுஷனையா கிண்டல் பண்றே?”

“வேற எதுக்கு அந்த மனுஷன் வாயைத் திறப்பான், சொல்லு.”

விருந்தினர்கள் எழுந்து நின்று பாடினார்கள். மூன்றாம் அடி இப்படிப் போனது: ‘ஒருவழியாய் ஒப்புக்கொண்டார் டோர்கில், பாட்டே முதல் என்று.’

டோர்கில் சிவந்துபோனார். இடது கையால் மேசையைத் தட்டினார். யாரும் நிறுத்தவில்லை. நான்காம் அடிக்குள் கரகரவென்று ஒரு குரல் நுழைந்தது, அதே மெட்டில்:

“பொய்… பொய்… அத்தனையும் பொய்… பேச்சே முதல்…”

ராக்ன்ஹில்ட் கையிலிருந்த தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

4
ஒரு முடிவு எழுதினேன்: தான் பாடிவிட்டது புரிந்து டோர்கில் சிரித்தார். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை, அடித்துவிட்டேன். இன்னொன்று: மறுபடி உதட்டை இறுக்கி (இதை முடிக்கக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சரிடா, பேச்சுதான் முதல். நான் தோத்துட்டேன். இன்னும் ஏதாவது திட்டு.”

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பாடட்டும், பேசட்டும், உங்கள் இஷ்டம். மௌனமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்கு மாதமாக அந்த வீட்டில் அவள் ஒருத்தியே பேசிக்கொண்டிருக்கிறாள்.