மூழ்காத பெட்டி

ஆந்த்ரேயின் எஸ்டீம் கார் டிக்கியைத் திறந்ததும், கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருந்த கலைச்செல்வனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி இடத்தை கேஸ் டேங்க் அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் விலைக்குப் பயந்து ஊரில் பலரும் கேஸுக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மீதி இடத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகளும், பெத்தாங் விளையாடும் இரும்புக் குண்டுகள் வைத்த மரப்பெட்டியும், ஒரு குடையும் இருந்தன.

"முசே, இதுல ஊஃபர் ஸ்பீக்கரை எங்க வைக்கிறது? உங்க மடியிலதான் வைக்கணும்."

"அதுக்குத்தானே உங்கிட்ட வந்தேன். டேங்கை நகத்தக் கூடாது. குண்டுப்பெட்டி இருக்கணும். நாற்காலி இருக்கணும். பாட்டு மட்டும் நெஞ்சுல வந்து இடிக்கணும். அவ்வளவுதான்."

ஆந்த்ரே பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். பிரெஞ்சில் ஐயா என்று பொருள்படும் 'முசே'தான் ஊரில் அவருக்குப் பெயர். பென்ஷன் அங்கிருந்து வந்தது. பீரங்கி அவர் இடது காதை வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் நின்று எதைச் சொன்னாலும் இரண்டாம் முறை சொல்ல வேண்டும்.

கலைச்செல்வன் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். இடது மூலையில், சக்கரத்து வளைவுக்குப் பின்னால், ஒரு குழி உள்வாங்கிப் போயிருந்தது. யாருக்கும் பயன்படாத இடம். ஆனால் அதில் ஒரு பக்கம்கூட நேராக இல்லை. பலகையில் பெட்டி அடித்தால் உள்ளே போகாது. அந்த வளைவுக்குள்ளேயே வார்த்து எடுத்த பெட்டி வேண்டும். ஃபைபரில்தான் முடியும். ஃபைபர் என்றதும் மச்சான் அம்மாவாசை ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு வாரமாகவே அவன் ஞாபகமாகத்தான் இருந்தது.

அம்மாவாசை, கலைச்செல்வனின் மனைவி தனத்துக்குத் தம்பி. வீராம்பட்டினத்தில் ஃபைபர் படகு கட்டுகிறவன். சுனாமிக்கு அப்புறம் இரண்டு வருடம் அவனுக்குச் சாப்பிட நேரமில்லை. ஊர் ஊராக நன்கொடைப் படகுகள் வந்து இறங்கின. பட்டறைக்குப் பட்டறை ஆள் தேடினார்கள். பிறகு கடற்கரையில் மீன்பிடிக்கும் ஆளைவிடப் படகு அதிகமாகிவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது மேற்குக் கடற்கரையில், ரத்னகிரியில் ஒரு படகுப் பட்டறைக்குப் பாவாடை என்ற மேஸ்திரி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ரயில். போனால் வருடத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். "அவனை எப்படியாவது நிறுத்து" என்று தனம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலியார்பேட்டைக் கடைக்கு அம்மாவாசையை வரவழைத்து, டிக்கியைக் காட்டினான். அம்மாவாசை குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"இது இன்னா மாமா, படகோட மூக்கு மாதிரி இருக்குது. செஞ்சிடலாம்."

"செய்யி. இது சரியா வந்தா இந்த மாதிரி வேலை நெறைய வரும். நீ இங்கயே இருந்துடலாம்."

அம்மாவாசை கையைத் துடைத்துக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தான். "அக்கா சொல்லிச்சா?"

"அவ எதுக்குச் சொல்லணும்?"

"சரி. பெட்டி பாடுனா இருக்கேன். பாடலைனா வெள்ளிக்கிழமை பாவாடை மேஸ்திரியோட போறேன். அப்புறம் ரெண்டு பேரும் என்னைப் புடிச்சி இழுக்கக் கூடாது."

வேலை ஒழுங்காகவே நடந்தது. குழி முழுக்க டேப் ஒட்டி, மெழுகு தடவி, அதன்மேல் ஃபைபர் பாயைக் கிழித்து அடுக்கி, இறுகிக் கெட்டியாகும் ரெசின் பூசினான் அம்மாவாசை. கலைச்செல்வன் கடையில் பல வருடமாக அடித்த ஈயம் பற்றவைக்கும் வாசனையெல்லாம் ரெசின் நாற்றத்தில் அமுங்கிப்போனது. மறுநாள் இறுகிய கூட்டைப் பிரித்து எடுத்தபோது, குழியின் ஒவ்வொரு மடிப்பும் அதில் இருந்தது. கலைச்செல்வன் அதை நிமிர்த்தி வைத்து, குடிநீர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி அளந்தான். கேன் முழுக்கக் காலியாகி, இன்னும் இரண்டு சொம்பும் பிடித்தது. அவன் வாங்கப்போகும் பத்து இஞ்ச் ஊஃபருக்கு அவ்வளவு இடம் உள்ளே வேண்டும். கச்சிதம்.

"முன்பக்கத்தை மூடி, ஸ்பீக்கருக்கு வளையம் வச்சிடு. நான் சென்னை போயி ஊஃபரும் ஆம்ப்பும் வாங்கிட்டு வந்துடறேன். காத்து ஒரு பொட்டுகூட வெளியே போகக் கூடாது, ஆமா."

"தண்ணியே உள்ள வராம கட்றவன்கிட்ட வந்து காத்து போகக் கூடாதுன்றியே மாமா."

கலைச்செல்வன் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக அலைந்து திரும்பி வந்தபோது பெட்டி முடிந்து, தேய்த்து, கறுப்புக் கம்பளம்கூட ஒட்டியாகியிருந்தது. ஸ்பீக்கர் வளையத்தின் வழியே உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். உள்சுவர் வழவழவென்று இருந்தது. தட்டிப் பார்த்தால் கல்லைத் தட்டுவது போலிருந்தது. நம் கடையில் இப்படி ஒரு வேலை நடந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டி, ஒயர் இழுத்து, பாட்டைப் போட்டார்கள். அம்மாவாசை பின்சீட்டில் உட்கார்ந்து தொடையைத் தட்டினான். கலைச்செல்வன் முன்சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சத்தம் வந்தது. ஆனால் அது டப், டப் என்று ஒரே இடத்தில் அடித்தது. காலியான டின்னை முஷ்டியால் குத்துவது போல. அதற்குக் கீழே இருக்க வேண்டிய அந்தக் கனத்த, தரையோடு வருகிற முழக்கம் இல்லை.

ஸ்பீக்கர் ஒயரை மாற்றிக் கொடுத்துப் பார்த்தான். ஆம்ப்ளிஃபயரின் திருகுகளை ஏற்றி இறக்கிப் பார்த்தான். பேட்டரியைச் சோதித்தான். சோதனை சிடியையும் ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆந்த்ரே வந்து சேர்ந்தார். வந்ததும் முன்சீட்டில் ஏறி, சத்தத்தை அவரே முழுக்க ஏற்றினார். கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர்க்கடைப் பேக்கரிக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"வொய்லா! இதான்! நெஞ்சுல இடிக்குது பாரு!" ஆந்த்ரே அம்மாவாசையின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நீ செஞ்சதா? மெர்சி, தம்பி, நன்றி. பீரங்கிக்குப் பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்குது."

"அதுதான் பயமா இருக்குது" என்றான் கலைச்செல்வன், அவருடைய இடது பக்கத்தில் நின்று.

"என்னா?"

"ஒண்ணுமில்ல முசே. கொஞ்சம் செட்டிங் பாக்கணும். சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க."

ஆந்த்ரே குண்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து விளையாடப் போனார். அம்மாவாசை முகம் மலர்ந்திருந்தது. டீயும் போண்டாவும் தன் செலவில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தான். நடையிலேயே ஒரு துள்ளல் தெரிந்தது.

தனத்திடமிருந்து போன் வந்தது. தம்பி அதற்குள் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

"முசே புடிச்சிருக்குன்னாராமே!"

"அவருக்கு ஒரு காதுதான் கேக்கும்."

"அது போதாதா? வண்டி அவரோடது, காது அவரோடது. நீ எதையாவது நோண்டிக்கிட்டு இருக்காத. அவன் இருக்கேன்னு சொல்லிட்டான். வாயை மூடிக்கிட்டு பில்லைப் போடு."

கலைச்செல்வன் போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் டிக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொல்வதில் தவறில்லை. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆந்த்ரேவுக்குச் சந்தோஷம், தனத்துக்குச் சந்தோஷம், அம்மாவாசை ஊரோடு இருப்பான். அடுத்த பெட்டியையும் இதே மாதிரி செய்வான், அதற்கடுத்ததையும். எல்லோருக்கும் ஒரு காதாக இருக்காது.

பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்தான். எதிர்பார்த்ததைவிட அது கனமாக இருந்தது. ஸ்பீக்கரை எடுத்துவிட்டு வளையத்தை மேலே பார்க்க வைத்து, புதிய கேன் ஒன்றைத் தூக்கி ஊற்றினான். பாதி கேனிலேயே தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது.

அம்மாவாசை டீயோடு வந்தபோது, கலைச்செல்வன் தரையில் உட்கார்ந்து கேனில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, குளிப்பாட்டிக்கிட்டு இருக்க?"

"அன்னைக்கு ஒரு கேனுக்கு மேல புடிச்சிச்சி. இப்ப பாதிதான் புடிக்குது. மீதி இடம் எங்க போச்சு?"

அம்மாவாசைக்குக் கேள்வி புரியவே இல்லை. பிறகு புரிந்ததும் பெருமையாகச் சொன்னான். "அதுவா? அந்தப் பின்மூலை குறுகிப் போயிக்கிட்டே இருந்திச்சில்ல? காலியா இருந்திச்சி. ஃபோம் ஊத்தி, மேல ரெண்டு பாய் போட்டு மூடிட்டேன். இனி அது ஆடாது, அசையாது. தண்ணியில தூக்கிப் போட்டாலும் மூழ்காது."

"கார் டிக்கில இருக்கறது எதுக்குடா மூழ்கப்போவுது?"

"சொல்ல முடியுமா?" என்று சிரித்துவிட்டு, மாமா சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்தினான்.

கலைச்செல்வனும் வீராம்பட்டினத்தில் பிறந்தவன்தான். ஐ.டி.ஐ.க்குப் போய் ரேடியோ, டிவி என்று திசை மாறியவனே தவிர, ஃபைபர் படகின் மூக்கிலும் வாலிலும் ஃபோம் அடைத்து மூடுவார்கள் என்பது தெரியாதவன் இல்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த வழவழப்பான சுவரைப் பார்த்தவன் அவன்தான். இங்கே ஏன் சுவர் இருக்கிறது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவன் கண்ணுக்கும் அது இயல்பாகவே பட்டிருந்தது.

"மச்சான், இதைக் கேளு. முசேக்குப் புடிச்சிருக்கலாம். ஆனா இது பாடல. இதுல காலி இடந்தான் நமக்கு வேலையே. ஊஃபர் முன்னும் பின்னும் போவறப்ப உள்ள இருக்கிற காத்துதான் அதைத் தாங்கணும். பாதியை நீ அடைச்சிட்ட. அதான் டின்னு மாதிரி அடிக்குது."

அம்மாவாசை டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அவரே நல்லாருக்குன்னுட்டாரு."

"அவருக்குத் தெரியாது."

"உனக்கு மட்டும் தெரியுதா?" குரல் உயர்ந்தது. "அலை வந்தப்ப கவுந்த போட்டைப் புடிச்சிக்கிட்டு கெடந்தவன் நானு. உள்ள ஃபோம் இருந்ததாலதான் அது முழுகல. அதுக்கப்புறம் கட்டுனதுல ஒரு போட்டைக்கூட காலியா மூடினது கெடையாது. அவசரமாக் கட்டுன எத்தனையோ போட்டுல அது இல்ல. எங்கிட்ட வந்து…"

"போட்டுக்கு நீ சொல்றதுதான் சரி. நான் இல்லைன்னு சொல்லல. இது போட்டு இல்ல."

போண்டாப் பொட்டலத்தில் எண்ணெய் பரவியது. கலைச்செல்வன் இரும்பு ரம்பத்தின் பிளேடை எடுத்து, பெட்டிப் பக்கமாக நகர்ந்தான்.

"என்னா செய்யப் போற?"

"அறுக்கப் போறேன்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்குதுன்னு தெரியுமில்ல? இது பாடலைன்னு உன் வாயாலயே சொல்லிட்ட."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ போறதுன்னா போ. பெட்டி இப்படிப் போவக் கூடாது. என் கடைப் பேரு ஒட்டியிருக்குது."

அம்மாவாசை கையை நீட்டினான். "குடு இங்க. நீ அறுத்தா வெளிக் கூட்டையும் சேத்து அறுத்துடுவ. சுவர் எங்க முடியுதுன்னு எனக்குத்தான் தெரியும்."

தண்ணீரைக் கொட்டிக் காயவைத்துவிட்டு, வளையத்துக்குள் தோள்வரை கையை விட்டு, தன் கையால் போட்ட சுவரைத் தானே அறுத்தான். மஞ்சள் ஃபோம் கட்டி கட்டியாக வெளியே வந்தது. ஃபைபர் தூள் ஒட்டி இருவர் கையும் அரித்தது. கலைச்செல்வன் ஆந்த்ரேவுக்குப் போன் போட்டு, காலையில்தான் வண்டி கிடைக்கும் என்றான். அவர் பிரெஞ்சில் ஏதோ திட்டினார். பிறகு, தான் இரண்டு ஆட்டம் ஜெயித்ததாகச் சொன்னார்.

அறுத்த விளிம்புகளுக்கு ரெசின் பூசி, ஈரம் போக வெயிலில் வைத்தார்கள். "தண்ணி ஊத்து" என்று அம்மாவாசைதான் சொன்னான். ஒரு கேன் முழுக்க இறங்கி, அதற்கு மேலும் கொஞ்சம் பிடித்தது.

வியாழக்கிழமை காலை, வாங்கிவைத்த டீயைக்கூடத் தொடாமல் மாட்டினார்கள். கலைச்செல்வன் முதலில் பாட்டைப் போடவில்லை. சோதனை சிடியைப் போட்டான். அதில் ஒரே ஒரு ஒலி மேலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டு வரும். நேற்று அது ஓர் இடத்தில் படி தவறியது போல் காணாமல் போயிருந்தது. இன்று இறங்கியது, இன்னும் இறங்கியது. கடைசியில் காதுக்குக் கேட்காமல் சீட்டின் முதுகில் மட்டும் தெரிந்தது. பின்சீட்டில் இருந்த அம்மாவாசை இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நேத்து இது இல்ல" என்றான்.

"இல்ல."

"நேத்து இதை அப்படியே குடுத்து அனுப்பியிருந்தா சொன்ன மாதிரியே நானும் இருந்திருப்பேன். அக்காவும் சந்தோஷப்பட்டிருக்கும்."

"ஆமா."

அம்மாவாசை கதவைத் திறந்து இறங்கினான். நகத்திடுக்கில் ஒட்டிய ரெசினைச் சுரண்டிக்கொண்டே, கடை ஓரமாகப் போய் நின்று போன் போட்டான். கலைச்செல்வன் ஒயர்களை டேப் போட்டுக் கட்டுவது போல் பாசாங்கு செய்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, நான் வரல… இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல… அக்கா எல்லாம் இல்ல மேஸ்திரி, வேலைதான். இங்க என் வேலையைத் தப்புன்னு சொல்றதுக்கு ஆளு இருக்குது… ஆமா, அதுக்குத்தான்."

பாவாடை மேஸ்திரியின் கத்தல் போனிலிருந்து தெருவரை கேட்டது. அம்மாவாசை காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது ஓயும்வரை பொறுமையாக நின்றான். பிறகு வந்து டிக்கிக்குள் குனிந்தான்.

"அடுத்து யாரு வண்டி மாமா?"

"அரியாங்குப்பத்துல ஒருத்தர். ஸ்கார்ப்பியோ."

"அதுல டிக்கி எப்படி இருக்கும்?"

"பெருசு. ஆனா கடைசி சீட்டுல அவங்க ஆளுங்களும் உக்காருவாங்களாம்."

"அப்ப சீட்டுக்கு அடியிலதான் பாக்கணும்" என்று சொல்லி, அம்மாவாசை காலையிலிருந்து தொடாமல் இருந்த டீயை எடுத்துக் குடித்தான். அது ஆறிப்போயிருந்தது.