பாக்கியரத்தினம் அக்காவை நான் சாகடித்த கதை

தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு வரலாற்றாசிரியனாகும் ஆசை வந்தது. திருகோணமலையின் பெருமக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினேன். அதில் எல்லாரையும்விடப் பெரிதாக அச்சானது என் படம்தான்.

அந்தப் பெருமக்களில் ஒருவர் சல்லிக் கிராமத்துப் பாக்கியரத்தினம் அக்கா. மாரிக்கடலில் வள்ளம் கவிழ்ந்தபோது, ஆண்கள் கரையில் நின்று கத்த, இடுப்பில் கயிற்றைக் கட்டி நீந்திப்போய் இரண்டு பேரைக் காப்பாற்றியவர். அவரைத் தேடிச் சல்லிக்குப் போனேன். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "அவ போயிட்டா ஐயா" என்றார். நான் தலையைக் குனிந்து நின்றுவிட்டுத் திரும்பினேன். எங்கே போனார் என்று கேட்கவில்லை. பெயருக்கு முன்னால் 'அமரர்' போட்டு, கடலே அழுததாக நான்கு பக்கம் எழுதினேன்.

வெளியீட்டு விழாவில், மறைந்தவர்களின் பெயர்களை நானே வாசித்து மௌன அஞ்சலிக்கு அழைத்தேன். சபை எழுந்து நின்று அமர்ந்தது. முன்வரிசையில் ஒரு வயதான பெண் மட்டும் உட்காரவில்லை.

"தம்பி, என்ர பேரும் வாசிச்சனீங்கள். நானும் எனக்காக எழும்பி நிண்டனான். இனி இருக்கலாமோ?"

"அக்கா, நீங்கள்...?"

"பாக்கியரத்தினம். நிலாவெளிக்கு மகளோட போயிட்டன்."

சபை சிரித்து ஓய நேரமெடுத்தது. அடுத்து நான் பேச வேண்டிய தலைப்பு, 'வரலாற்றில் உண்மையின் இடம்'. பேசவில்லை.

விழா முடிந்ததும் பேனாவுடன் அவரிடம் ஓடினேன். "எல்லாப் புத்தகத்திலயும் வெட்டிவிடுறன் அக்கா."

"முதல் வாசிச்சுக் காட்டுங்கோ."

வாசித்தேன். கடல் அழுத இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. கயிறு வந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு காலமும் என்னைப் பற்றி ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கேல்ல. ஒரு புத்தகத்தை வெட்டாமத் தாங்கோ, மகள் வாசிக்கட்டும். நாளைக்கு விடிய நிலாவெளிக்கு வாங்கோ. கேட்டு எழுதுங்கோ."

போனேன். எழுபது வயதில் அலையைத் தாண்டி நீந்திக்கொண்டிருந்தார். துறைமுக ஊரில் பிறந்தும் நீந்தத் தெரியாத நான், கணுக்கால் தண்ணீரில் அவருடைய செருப்பைப் பிடித்தபடி நின்றேன்.

கரையேறியதும், "அக்கா, அண்டைக்குப் பயமே இருக்கேல்லயோ?" என்று கேட்டேன். அச்சமறியாதவர் என்று அடித்துச் சொல்லியிருந்தேன், நூலில்.

"நல்லாப் பயந்தனான் தம்பி. இறங்கின பிறகு எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. திரும்பி வர வெக்கமாக் கிடந்தது."